விருதுநகரும் ஒரு 'சாவ்தான்' கதையும்

நம்ம பக்கம் பிள்ளைகள் என்.சி.சி.யில் சேர்ந்துவிட்டால் வீட்டில் ஒரே பெருமைதான். பட்டாசு ஆலைக்குப் போகும் அம்மாகூட, நேரம் ஒதுக்கி உடுப்பை இஸ்திரி போட்டு வைப்பார். இதே என்.சி.சி. சட்டசபை வரை போய்ச் சண்டையான கதை தெரியுமா?

குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948-ல் தொடங்கியது இது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963-ல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். கட்டளைகளோ இந்தியில்!

1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. அதன் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன்தான் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தவர். (சொந்த ஊரிலேயே!) அடுத்த வருடம், 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா அரசின் தீர்மானம் மும்மொழித் திட்டத்தை மட்டும் எதிர்க்கவில்லை. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகளும் கூடாது என்றது.

அதே 1968-ல் நாடு முழுக்கக் கட்டாயம் நீங்கியது. இந்தி மட்டும் நீங்கவில்லை. அன்று ஊர்வலம் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று 'சாவ்தான்' கேட்டு விறைப்பாக நிற்கிறார்கள், தாத்தாக்களும் ரசிக்கிறார்கள். விரும்பிச் சேர்வதால்தான் இந்தப் பெருமை என்று எனக்குப் படுகிறது. இன்னொன்றும் உண்டு: தகுந்த மதிப்பெண்ணோடு பட்டமும் நல்ல தரத்தில் 'சி' சான்றிதழும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். நம்ம ஊர் அப்பா அம்மாவுக்கு வேறென்னங்க வேணும்?