பழைய நாடாவும் புதிய கணிப்பொறியும்

காந்த நாடா, வானொலி வீட்டுப் பிள்ளை. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் 1928-ஆம் ஆண்டில் காகிதப் பட்டை ஒன்றின்மேல் இரும்பு ஆக்ஸைடுத் தூளைப் பூசி, அதில் ஒலியைக் காந்தப் பதிவாக நிறுத்தலாம் என்று காட்டினார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனத்தார் மேக்னடோஃபோன் என்னும் பதிவுக் கருவியை மக்கள் முன் வைத்தனர். யுத்தம் முடிந்தபின், அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஜாக் மல்லின் இத்தகைய கருவிகள் இரண்டினைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தம் ஊருக்கு அஞ்சலில் அனுப்பி, அங்கே மீண்டும் பூட்டினார். அமெரிக்க வானொலியில் நாடாப் பதிவு வேரூன்றியது அதன் பின்னரே. வானொலி வளர்த்த இப்பிள்ளை சில ஆண்டுகளிலேயே வேறொரு வீட்டில் வேலைக்கு அமர்ந்தது. அதுவே கணிப்பொறியின் வீடு.

1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் பெற்ற யூனிவாக் கணிப்பொறியில் உலோக நாடா பயன்பட்டது. மறு ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 726 என்னும் கருவி, அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவை மேற்கொண்டது. நாடா திடீரென ஓடவும் திடீரென நிற்கவும் வேண்டும். அப்போது அது அறுந்து போகாமலிருக்க, காற்றை உறிஞ்சும் நீண்ட குழல்களில் அதனைத் தொங்கவிட்டார்கள். பழைய திரைப்படங்களில் கணிப்பொறி என்றதும் சுழலும் பெருஞ்சக்கரங்களைக் காட்டுவார்களே, அவை இக்கருவிகள்தாம்.

பெரிய அலுவலகங்களின் குளிரூட்டிய அறைகளிலிருந்து நாடா சிறு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் வந்த கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1972-இல் 3எம் நிறுவனம் கால் அங்குல நாடாவை ஒரு பெட்டிக்குள் அடைத்தது. 1989-இல் இசைப் பதிவுக்கென அமைந்த சிறு பெட்டியையே சோனியும் ஹியூலெட் பேக்கார்டும் தகவல் சேமிப்புக்கு மாற்றி, டி.டி.எஸ். என்று பெயரிட்டன. தீப்பெட்டியைக் காட்டிலும் சற்றே பெரிதான அப்பெட்டியில் 1.3 ஜிகாபைட் அடங்கிற்று. அந்நாளில் வீட்டுக் கணிப்பொறியின் வட்டு முழுவதும் சேர்ந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கு தேறுவது அரிது. ஆகவே கணக்காளரும், அச்சகத்தாரும், ஆராய்ச்சி மாணவரும் தங்கள் உழைப்பின் காப்புப் பிரதியை இத்தகைய நாடாக்களில் ஏற்றி, மேசை அறையில் பூட்டி வைத்து, நிம்மதியாக உறங்கினார்கள்.

இப்போது அந்த மேசையறை திறக்கப்படுகிறது. நாடா இருக்கிறது, அதனைப் படித்த கருவியும் பரண்மேல் இருக்கிறது, புதிய கணிப்பொறியும் மேசைமேல் இருக்கிறது. மூன்றும் ஒரே வீட்டில் இருந்தும், தகவல் கைக்கு வரவில்லை. இது ஏன்?

ஒரு நாடாவைப் படிக்க நால்வர் ஒத்துழைக்க வேண்டும். செருகி பொருந்த வேண்டும். கருவியும் கணிப்பொறியும் ஒரே மின்மொழி பேச வேண்டும். கருவியை நடத்தும் நிரல் இயங்குதளத்தில் இருக்க வேண்டும். நாடாவில் எழுதப்பட்ட முறையை அறிந்த மற்றொரு நிரலும் வேண்டும். வரலாறு இந்நால்வரையும் வெவ்வேறு காலத்தில் ஓய்வு பெறச் செய்துவிட்டது. நாடா பழுதானதால் தகவல் போயிற்று என்று பலர் கூறுகின்றனர். நாம் அறிந்த வரையில், நாடாவுக்கு முன்பே இந்நால்வரில் ஒருவர் விடைபெற்றுக்கொள்வதே மிகுதி.

மின்மொழியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஷுகார்ட் நிறுவனம் 1979-ஐ ஒட்டி வகுத்த ஓர் இணைப்பு முறை, பலர் கைபட்டுத் திருந்தி, 1986-இல் ஸ்கஸி என்னும் பெயரில் அமெரிக்கத் தர நிர்ணயமாயிற்று. ஒரே கம்பித் தொடரில் எட்டு உறுப்பினர். ஒவ்வொருவருக்கும் பூஜ்யம் முதல் ஏழு வரை ஓர் எண். இருவருக்கு ஒரே எண் இருந்தால் இருவரும் பேச்சிழப்பர். தொடரின் இரு கோடியிலும் டெர்மினேட்டர் எனப்படும் சிறு அடைப்பு இருந்தாக வேண்டும். இல்லையேல், கிணற்றுச் சுவரில் மோதித் திரும்பும் குரலைப்போல மின்னலை கோடியில் மோதித் திரும்பி, பின்வரும் அலையைக் குழப்பும். கருவி ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. ஊர் விட்டு ஊர் மாற்றலாகி, டெல்லியிலிருந்து புனேக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிச் சென்ற நம்மவர் வீடுகளில் முதலில் தொலைவது எது என்று கேட்டால், கருவியல்ல. கட்டைவிரல் அளவுள்ள இந்த அடைப்புத்தான்.

ஸ்கஸியிலும் கிளைமொழிகள் உண்டு. எட்டுப் பாதைகளும் ஐம்பது ஊசிகளும் உடையது ஒன்று. பதினாறு பாதைகளும் அறுபத்தெட்டு ஊசிகளும் உடையது மற்றொன்று. இவற்றை மாற்றுச் செருகியால் பெரும்பாலும் இணைத்துவிடலாம். ஆனால் உயர் மின்னழுத்த வேறுபாட்டு முறை என்று ஒன்று இருந்தது. அதன் செருகி மற்றவற்றைப் போலவே தோன்றும். உள்ளே ஓடும் மின்சாரமோ வேறு. அதனைச் சாதாரண ஸ்கஸியோடு பிணைத்தால் இரு புறமும் கெட்டுப்போகக்கூடும். கருவியின் முதுகில் பொறித்துள்ள சிறு முத்திரையைப் பார்த்த பிறகே கம்பியைத் தொடுதல் நலம்.

இக்கம்பியை ஏற்கும் அட்டையோ, கணிப்பொறியின் பி.சி.ஐ. துளையில் அமர்வது. 2004-ஐ ஒட்டி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் புதுத் துளை பரவத் தொடங்கி, பழையது மெல்ல மறைந்தது. புதுத் துளைக்கேற்ற ஸ்கஸி அட்டைகளையும் சில நிறுவனத்தார் செய்தனர். இன்று அவை பழஞ்சரக்கு விற்போரிடமே கிடைக்கின்றன. மடிக்கணிப்பொறியில் துளையே இல்லை. யூ.எஸ்.பி.யை ஸ்கஸியாக மாற்றும் கம்பிகள் முன்னர் விற்றன. எனினும் அவை வட்டுகளையும் படமெடுக்கும் கருவிகளையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. நாடாவிடம் அவற்றை நம்பிப் பணம் செலவிடுதல் தகாது.

எளிய வழி ஒன்று உண்டு. கும்பினியார் காலத்தில் வணிகனுக்கும் உள்ளூராருக்கும் இடையே துபாஷி நின்றதுபோல, இரு கணிப்பொறிகளுக்கு இடையே மூன்றாவதாக ஒன்றை நிறுத்துவது. 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் விற்ற மேசைக் கணிப்பொறியில் பி.சி.ஐ. துளையும் இருக்கும், வலையிணைப்புத் துளையும் இருக்கும். அதில் ஸ்கஸி அட்டையைப் பொருத்தி, லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்து, நாடாவை அங்கே படித்து, வலைக்கம்பி வழியே புதிய கணிப்பொறிக்கு அனுப்பிவிடலாம். இயக்கு நிரலும் லினக்ஸில் இன்றளவும் உள்ளது.

எல்லா நாடாக் கருவிகளும் ஸ்கஸி பேசுவன அல்ல. வீடுகளுக்கென மலிவாக விற்ற கால் அங்குலக் கருவிகள் பல, ஃபிளாப்பி வட்டின் கம்பியிலேயே தொங்கின. அவற்றை நடத்திய எஃப்டேப் என்னும் நிரல் 2007-இல் லினக்ஸின் மூலத்திலிருந்து நீக்கப்பட்டது. ஃபிளாப்பிக் கட்டுப்பாட்டகமும் புதிய கணிப்பொறிகளில் இல்லை. யூ.எஸ்.பி. வழியே இணையும் ஃபிளாப்பிக் கருவியைக் கொண்டு இக்குறையை நிரப்ப முடியாது. அதன் உள்ளே அந்தக் கம்பிக்கு இடமில்லை. இவர்களுக்குத் துபாஷியாக இன்னும் பழைய கணிப்பொறியையே தேட வேண்டும். டி.டி.எஸ். நாடா வைத்திருப்போர் சற்றுப் பாக்கியசாலிகள். அக்குடும்பத்தின் பிற்காலக் கருவியான டாட் 72 யூ.எஸ்.பி. வடிவிலும் வந்தது, டி.டி.எஸ். மூன்றாம், நான்காம் தலைமுறை நாடாக்களை அது படிக்கும். முதலிரு தலைமுறைகளை அது அறியாது.

எழுதப்பட்ட முறை பற்றியும் ஒரு சொல். டார் என்னும் யூனிக்ஸ் முறையில் எழுதிய நாடாவை இன்றும் எளிதில் விரிக்கலாம். விண்டோஸின் என்.டி.பேக்கப் நிரலோ 2006-இல் வெளியான விஸ்டாவில் விடப்பட்டது. வேறு வணிக நிரல்களால் எழுதியவர்கள் நாடாப் பெட்டியின்மேல் நிரலின் பெயரையும் பதிப்பையும் குறித்திருந்தால், அவர்கள் தீர்க்கதரிசிகள்.

வீட்டுக் கொட்டகையில் காத்துக் கிடந்த ஒரு நாடாக் கருவி எவ்வளவு பெரிய பொருளைக் காக்கும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. சந்திரனில் மனிதன் இறங்குவதற்குரிய இடத்தைத் தேர 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்கா லூனார் ஆர்பிட்டர் என்னும் ஐந்து கலங்களை அனுப்பிற்று. அவை அனுப்பிய படங்களின் குறிப்பலைகள் தரைநிலையங்களில் இரண்டு அங்குல அகல நாடாக்களில் பதிவாயின. இறங்கும் பணி முடிந்ததும் நாடாக்களை நாடுவோர் இல்லை. ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார், அவற்றை எறிய ஒப்பாமல் காத்தார். நாடா மட்டும் போதாது என்று உணர்ந்து, அதனைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 கருவிகளையும் தேடிப் பெற்றார். குளிர்பதனப் பெட்டியினும் பெரிய அக்கருவிகளைத் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார். அவருடைய தீர்க்கமே இக்கதையின் உயிர் என்பது நமது துணிபு.

2007-ஐ ஒட்டி டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்னும் இருவர் இதனை அறிந்து, நாடாவையும் கருவிகளையும் கலிஃபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குக் கொண்டு வந்தனர். அங்கே மூடிக் கிடந்த ஓர் உணவு விடுதிதான் அவர்களுடைய பட்டறை. ஒரு கருவியின் உறுப்பை மற்றொன்றில் பூட்டினர். ஓய்வுபெற்ற பொறிவினைஞரின் கைத்திறனை நாடினர். குறிப்பலையிலிருந்து படத்தைப் பிரிக்கும் கருவியை மீண்டும் அமைத்து, அதன் வழியே புதிய கணிப்பொறிக்குத் தகவலை இறக்கினர். 1966 ஆகஸ்டு 23-ஆம் நாள் எடுத்த படம், சந்திரனின் விளிம்புக்கு மேல் நம் பூமி எழும் காட்சி, 2008 நவம்பரில் வெளியாயிற்று. முன்பு உலகம் கண்ட படத்தைவிட அது தெளிவானது. அந்நாளில் வெளியானது படத்தைப் படம் பிடித்த நகல். நாடாவில் உறங்கியது அசல்.

நம் வீட்டு நாடாவில் சந்திரன் இராது; தந்தையாரின் கணக்கு இருக்கலாம், அச்சேறாத ஆராய்ச்சி நூல் இருக்கலாம். முறை ஒன்றே. கருவிக்கு மின்சாரம் கொடுக்குமுன் அதன் ரப்பர் உருளையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் இளகித் தார்போல ஒட்டும். அந்நிலையில் ஓட்டினால் நாடா நாசமாகும். பம்பாய், கல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் நாடாவின் பூச்சே நீரை ஈர்த்துப் பிசுபிசுக்கும். பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் வல்லாரிடம் விடுவதே முறை. எழுதுவதைத் தடுக்கும் சிறு தாழைத் தள்ளிவிட்டு, விலையற்ற நாடா ஒன்றை முதலில் ஓட்டிப் பார்த்து, அதன்பின் வேண்டிய நாடாவை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் வட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். கோப்புகளைத் தேடிப் பிரிப்பதெல்லாம் வட்டிலுள்ள பிரதியில்தான். பழைய நாடா இரண்டாம் முறை ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

அப்படி மீட்டதைப் புதிய நாடாவிலேயே ஏற்றலாமா என்று கேட்போர் உண்டு. எல்.டி.ஓ. என்னும் நாடா 2000-இல் நூறு ஜிகாபைட்டுடன் தொடங்கியது. ஏழாம் தலைமுறை வரை ஒவ்வொரு கருவியும் தனக்கு முந்திய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தது. எட்டாவதும் ஒன்பதாவதும் ஒரு தலைமுறையை மட்டும் படித்தன. 2025-இல் வந்த பத்தாவது, ஒன்பதாவதன் நாடாவையும் படிப்பதில்லை.