எட்டாம் பிட்டும் தமிழ்க் கோப்பும்

1990களில் தமிழ்க் கோப்பொன்றைத் தரவிறக்குவது பாதி வேலைதான். இறங்கியதை எழுத்துப் பிசகாமல் மீட்டெடுப்பதே மறுபாதி.

மின்னஞ்சல் நெறிகள் ஏழு பிட் ஆங்கிலத்துக்கென அமைந்தவை. வழியிலுள்ள பழைய வழங்கி ஏதேனும் எட்டாம் பிட்டை நீக்கிவிட்டால் 128க்கு மேற்பட்ட இடங்களில் அமர்ந்த எழுத்துகள் அனைத்தும் உருமாறும். திஸ்கி குறியேற்றத்தில் 'க'வின் இடம் 184. எட்டாம் பிட் போனால் எஞ்சுவது 56. அது ஆஸ்கியில் 8 என்னும் இலக்கம். 'அ' கூட்டற்குறியாகும்.

இதற்கு மாற்றாக யூயூஎன்கோட் முறை மூன்று பைட்டுகளை அச்சிடத்தக்க நான்கு குறிகளாக்கி அனுப்பியது. ஆனால் அதன் பழைய வடிவில் வெற்றிடமும் ஒரு குறி. வரியிறுதி வெற்றிடங்களைச் சில அஞ்சல் மென்பொருள்கள் வெட்டிவிட, கோப்பு சிதைந்தது. பேஸ்64 வெற்றிடத்தைக் குறியாகக் கொள்ளாமல் இச்சிக்கலைத் தவிர்த்தது.

சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு வேறு வழி கண்டது. தமிழையே ஆஸ்கியின் ஏழு பிட் இடங்களில் அமர்த்தியதால் எந்த அஞ்சல் வழியிலும் சேதமின்றிச் சென்றது. விலையும் உண்டு: ஒரே எழுத்துருவில் ஆங்கிலமும் தமிழும் கலந்தெழுத இயலாது. 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால மின்னூல்களில் மயிலை பயன்பட்டது.

இருமொழிக்கும் இடமளித்த எட்டு பிட் திஸ்கியும் இடரின்றி நிலைபெறவில்லை. அதன் தொடக்க வடிவங்களில் 'இ' பெற்ற இடம் 173. மேலைநாட்டுக் குறியேற்றத்தில் அது வரி முறியும்போது மட்டுமே தோன்றும் மென்கோட்டுக்கு உரியது. எனவே சில மென்பொருள்களில் 'இ' திரையில் மறைந்தது, இலக்கணம் 'லக்கண'மாயிற்று! 1.7ஆம் பதிப்பில் 'இ' 254ஆம் இடத்துக்குப் பெயர்ந்தது.

ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுந்த பிழை இவற்றினும் நுண்ணியது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துறுப்புகளைச் சேமிக்கும்: ஒற்றைக்கொம்பு, 'க', பின்னர் ஔகாரக் குறி. ஒருங்குறியில் மெய்யுருவே முதலில் வரும். வரிசையை மாற்ற நிரல் போதும். தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' இட்டிருந்தால் நிரல் என்ன செய்யும்? 'கௌதமர்' 'கெளதமர்' ஆகிறார். ஒற்றைக்கொம்பை அடுத்து வரும் 'ள' அனைத்தையும் ஔகாரக் குறியாக்கும் விதியோ 'தெளிவு' என்னும் சொல்லையே குலைக்கும். அடுத்து உயிர்க்குறி வருகிறதா என நோக்கும் விதி ஓரளவே உதவும்.

அச்சு நூலில் இவ்வேறுபாடு பொருட்டன்று. கண் இரண்டையும் ஒன்றாகவே வாசிக்கும். தரவகத்திலோ அவை இருவேறு சொற்கள். 'மௌனம்' எனத் தேடும் மாணவருக்கு 'மெளனம்' அகப்படாது. சொல்லடைவில் ஒரு சொல்லின் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துகிடக்கும். கோப்பு முழுமையாக இறங்கியதா என்று சரிபார்க்கும் எந்தக் கூட்டுத்தொகையும் இப்பிழையைக் காட்டாது. ஏனெனில் பிட்டுகள் அனைத்தும் அனுப்பியவாறே வந்து சேர்ந்திருக்கின்றன.