பராய் இலையும் உப்புத்தாளும்



போன மாதம் எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகையை நானே தேய்த்துக் கெடுத்தேன். சுரங்கத்துக்காக ஊர் இடம் மாறியபோது அப்பா பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பலகை அது. 80-ம் நம்பர் தாளை வாங்கிவந்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கைக்கு வழவழவென்றுதான் இருந்தது. பாலீஷ் பட்டதும் கீறலெல்லாம் கோடு கோடாக எழுந்து நின்றன. அந்த வெட்கத்தில்தான் இந்தத் தாளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நம் பக்கம் அதற்கு உப்புத்தாள் என்று பெயர். சிறுவயதில் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், கரிக்கவில்லை! தாள் வருவதற்கு முன்பு இலைதான். பராய் மரத்தின் இலை அரம்போலச் சொரசொரப்பாக இருக்கும். மரத்தையும் தந்தத்தையும் அதைக் கொண்டு தேய்த்து மெருகேற்றினார்கள். திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமும் அதுவே, ஊர்ப்பெயரிலேயே நிற்கிறது. சீனாவில் 13-ம் நூற்றாண்டில் சிப்பித்தூளையும் மணலையும் இயற்கைப் பசையால் தோல்தாளில் ஒட்டினார்களாம். 1833-ல் லண்டனில் ஜான் ஓக்கி என்பவர் கண்ணாடித்தூள் தாளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். 1891-ல் அமெரிக்காவின் அச்சிசன், வைரம் செய்யப்போய்க் கார்போரண்டத்தைக் கண்டெடுத்தார். இங்கே முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது 1954-ல். நம் நெய்வேலிச் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

பாலீஷ் கதை இன்னும் வேடிக்கை. பெயர் பிரெஞ்சு பாலீஷ். சரக்கோ நம் நாட்டு அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் புரசு, இலந்தை மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சி கசியவிடும் பிசின். அதைத் தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி மெல்லிய பூச்சாகப் பல தடவை தேய்ப்பதுதான் வேலை. எத்தனை பூச்சு ஏற்றினாலும் அடியில் உள்ள கீறலை அது மறைக்காது, பளிச்சென்று காட்டும்.

கடைசியில் ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. என்னைவிட மூத்தவர். பலகையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்தார்.

"சார், ரேகை ஓடுற பக்கமே கை போவணும். 80 போட்ட கீறலை 120 அழிக்கும், அதோட கீறலை 180 அழிக்கும். நடுவுல ஒண்ணைத் தாண்டினா பாலீஷ் காட்டிக் குடுத்துடும்."

பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். தண்ணீர் பட்டதும் படுத்திருந்த நார் சிலிர்த்துக்கொண்டது. காயவிட்டு 220 போட்டு மறுபடி தேய்த்தார். முப்பது வருடம் வகுப்பில் 'படிப்படியாகப் போ' என்று பிள்ளைகளிடம் சொன்னவன் நான்!

பலகையின் ஓரத்தில் அம்மா விளக்கு வைத்து வைத்துக் கருகிய ஒரு வட்டம் உண்டு. "இதையும் எடுத்துடலாமா சார்? ரெண்டு கை தேய்ச்சாப் போதும்" என்றார். நான் அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டேன். அந்த வட்டத்தின் மேலேயே பாலீஷ் பூசினார்.

ஊஞ்சல் இப்போது கூடத்தில் ஆடுகிறது. நெய்வேலிப் பக்கம் வந்தால் வந்து உட்காருங்கள்.