கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ்

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் என்பது, பொதுவான அறிவுத்திறன் குன்றாதிருந்தும் வாசித்தல், எழுதுதல், எழுத்துக்கூட்டல், கணக்கிடுதல் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ தொடர்ந்து இடர்ப்படும் ஒருவரின் நிலையை அரசு மருத்துவக் குழு ஆய்ந்து உறுதிசெய்து வழங்கும் ஆவணமாகும். வாசிப்பைத் தாக்கும் டிஸ்லெக்ஸியா, எழுத்தைத் தாக்கும் டிஸ்கிராஃபியா, கணக்கைத் தாக்கும் டிஸ்கால்குலியா முதலியவை இக்குறைபாட்டில் அடங்கும்.

சட்டப் பின்னணி

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவ்வெண்ணிக்கையை 21 ஆக உயர்த்திக் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதன் 17ஆம் பிரிவு கூடுதல் நேரம், ‘சொல்வதை எழுதுபவர்’ எனப்படும் உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிட, 32ஆம் பிரிவு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டு இடங்களை, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோர்க்கு ஒதுக்குகிறது.

மதிப்பீடு

2018 ஜனவரியில் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 8 வயதையொட்டிக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என ஆசிரியர் ஐயுறும் குழந்தையின் பார்வை, செவித்திறன், நரம்பு நிலை ஆகியவற்றைக் குழந்தை மருத்துவர் சோதித்த பின், உளவியலாளர் நுண்ணறிவு ஈவை அளப்பார். அது 85க்கு மேலிருந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் வகுத்த சோதனைத் தொகுதி பயன்படுத்தப்படும். 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடு வேண்டும் என்றும், 18 வயதில் பெறும் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும் என்றும் அவை விதித்தன. எனவே கல்லூரியில் நுழைவோர்க்கு இம்மூன்றாம் மதிப்பீடே முதன்மையானது.

இடஒதுக்கீடும் சலுகையும்

இடஒதுக்கீடும் தேர்வுச் சலுகையும் வேறுவேறு உரிமைகள். டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவர்க்கு 2021ஆம் ஆண்டு நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட வழக்கில், 40 விழுக்காட்டு வரம்பு இடஒதுக்கீட்டுக்கே உரியது என்றும், தேர்வறை வசதிகளுக்கு அவ்வரம்பைக் கட்டாயமாக்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. எனினும், 2018 ஆகஸ்டில் வெளியான எழுத்துத் தேர்வு நெறிமுறைகள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தை அளித்தபோதிலும், கற்றல் குறைபாடு உடையோர் உதவியாளரைப் பெற, எழுத இயலாமையை உறுதிசெய்யும் தனி மருத்துவச் சான்றையும் கோரின.

புதுச்சேரியில்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டு முதல் படிப்படியாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு மாறியதால், அரியாங்குப்பம் கொம்யூனிலுள்ள மீனவ ஊரான வீராம்பட்டினம் போன்ற இடங்களில் அரசுப் பள்ளியில் பயிலும் மாணவர் பொதுத்தேர்வுச் சலுகையை அவ்வாரியத்திடமும், பட்டப்படிப்பில் அதனைத் தம் கல்லூரி இணைந்துள்ள பல்கலைக்கழகத்திடமும் கோர வேண்டும். பள்ளியில் பெற்ற சலுகை கல்லூரிக்குத் தானாகத் தொடர்வதில்லை. ஆகவே சான்றிதழோடு மதிப்பீட்டு அறிக்கைகளையும் முந்தைய சலுகை ஆணைகளையும் சேர்த்துச் சேர்க்கையின்போதே அளித்தல் நலம்.