கங்கை நீரும் கந்தைத் துணியும்

சரித்திரம் என்றதும் கல்லும் செம்பும்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. துணிக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை. அது நைந்து போய்விடுகிறது. நான் இங்கே சொல்ல வந்தது அப்படி நைந்து போன ஒரு பொருளைப் பற்றித்தான். அது என் அப்பாயி தைத்த பழஞ்சேலைப் போர்வை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, குன்னத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். கரிசல் காடு, பருத்தி விளையும் பூமி. பருத்தி மூட்டையாகக் கட்டப்பட்டு வண்டியேறிப் போகும். அது எங்கள் வீட்டுக்குச் சேலையாகத் திரும்பி வரத் தீபாவளி வரவேண்டும். வந்த சேலை முதலில் விசேஷங்களுக்கு, பிறகு வீட்டுக்கு, அதன் பிறகு காட்டு வேலைக்கு. கிழிசல் கண்டால் குழந்தைக்குத் தூளி. தூளிக்கும் ஆகாது என்ற பிறகுதான் அப்பாயி ஊசியை எடுப்பாள்.

நாலைந்து சேலைகளைத் திண்ணையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பாள். மிகவும் நைந்தவை உள்ளே. கொஞ்சம் உரமுள்ளவை மேலும் கீழும். ஓரம் மடித்து, நீள நீளமாக ஓட்டுத்தையல் போடுவாள். தையல் வரிசைகள் உழவுசால் மாதிரி இருக்கும். துவைக்கத் துவைக்கப் பருத்தி மெத்தென்று ஆகும். மடிப்புகளுக்கிடையே நிற்கும் காற்று குளிரை உள்ளே விடாது. மார்கழிப் பனிக்கு அதைவிட இதமான பொருளை நான் இன்றுவரை கண்டதில்லை. ஒவ்வொரு துண்டும் யாருடைய சேலை என்று இருட்டில் தடவியே சொல்லிவிடுவேன். அரக்குக் கரை அம்மாவுடையது. முரட்டு வெள்ளை அப்பாயியுடையது.

அப்பாயி ஆசைக்காகத் தைத்தவள் அல்ல. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது 1943-ல். யுத்த காலம். அந்த வருஷம்தான் சர்க்கார் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. "கண்ட்ரோல் துணி" என்ற சொல்லை அவள் கடைசிவரை மறக்கவில்லை. பருத்தி விளைகிற ஊரிலேயே மாற்றுச் சேலைக்குத் தட்டுப்பாடு. ஒரு முழத் துணியைக்கூட வீணாக்காத கை அப்போது பழகிய கை. வறுமையை அழகு என்று சொல்ல நான் வரவில்லை. அந்த வறுமைக்கு நடுவிலும் பிள்ளைகள் குளிராமல் தூங்கினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போனபோது அந்தப் போர்வையும் என்னோடு வந்தது. முதல் இரவே அறைத்தோழன் ஒருவன், "என்னப்பா, கந்தையைப் போர்த்திக்கிட்டுப் படுக்கிறே?" என்று கேட்டுவிட்டான். அறையே சிரித்தது; நானும் சிரித்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது போர்வையைத் திண்ணையில் போட்டு, "அங்கே கம்பளி கொடுக்கிறாங்க" என்று பொய் சொன்னேன். அப்பாயி என்னை ஒரு கணம் பார்த்தாள். "கம்பளி குத்தாதா, சாமி?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் "கந்தை" என்ற சொல் என்னை வெகுகாலம் உறுத்தியது. பிற்பாடு ஒருநாள் அகராதியைப் புரட்டினேன். வடமொழிக் "கந்தா"விலிருந்து வந்த சொல்லாம். அதே சொல்தான் வங்காளத்தில் "காந்தா" என்று வழங்குகிறது. அங்கேயும் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கும் வங்காளத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ராஜேந்திர சோழனின் படை சுமார் 1023-ல் வங்காளம் வரை சென்று கங்கை நீர் கொண்டு வந்தது. அந்த வெற்றியின் பெயரைத் தாங்கியே கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் நிற்கிறது. மன்னனின் வெற்றியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கந்தை என்ற சொல்லோ, எந்தப் படையும் சுமக்காமல் இரண்டு நாட்டுப் பெண்களின் மடியிலும் இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். வங்காளத்தில் குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி கிராமங்களில் காந்தாக்களைத் தேடிச் சேர்த்தார். அவர் சேகரித்தவை கல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரிலேயே அமைந்த மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. தன் பெயரையும் அதிலேயே தைத்து வைத்திருக்கிறாள். எங்கள் ஊர்ப் போர்வைகளில் பெயர் இல்லை. அவற்றைச் சேர்த்து வைப்பார் யாரும் எங்களிடையே தோன்றவுமில்லை. கந்தை என்றால் வெட்கம் என்றுதானே நாங்கள் பழகியிருந்தோம்?

வெட்கப்பட வேண்டியதுதானா அது? புத்தர் தம் பிக்ஷுக்களுக்கு, எறிந்த துணிகளைத் தைத்து உடுத்த அனுமதி தந்தார். மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அதுபோல் சீவரம் அமைக்கலாமா என்று ஆனந்தரைக் கேட்டதாகவும் விநய நூல் கூறுகிறது. எங்கள் அரியலூர்ப் பக்கத்து விக்கிரமங்கலத்தில் ஒரு புத்தர் சிலை உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் திண்ணையும், உழவுசால் போன்ற அந்தத் தையலும் ஞாபகம் வருகின்றன.

அப்பாயி இறந்து வெகுகாலம் ஆகிறது. நான் விட்டுவந்த போர்வை, அத்தை மகளின் குழந்தைக்கு விரிப்பாகி, பிறகு கால்மிதியாகி மறைந்துவிட்டது. வீட்டில் பிறகு வந்தவை நைலக்ஸும் பாலியஸ்டரும். அவை நைவதுமில்லை, மெத்தென்று ஆவதுமில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு போர்வை இன்னும் இருக்கக்கூடும். இருந்தால், தைத்தவள் பெயரை ஒரு துண்டுத் துணியில் எழுதி, அதன் மூலையில் தைத்து வையுங்கள். தையல் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.