புள்ளி மெய், இழை உயிர்

கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கிறது. ஓலையில் எழுதிய ஏடு சில நூறு ஆண்டு நிற்கிறது. வாயிலில் இட்ட கோலமோ, வருவோர் போவோர் கால் பட்டு அன்று மாலைக்குள் மறைந்துவிடுகிறது. நம் பாட்டியரின் பாட்டியர் வாயிலில் இட்ட கோலங்களுள் ஒன்றேனும் இன்று காணக் கிடையாது. ஆயினும் அக்கலை அழியவில்லை. அஃது எவ்வாறு நிலைத்தது என்று எண்ணிப் பார்ப்பது, பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நமக்கு மிகவும் வேண்டுவதாகும்.

கோலம் என்னும் சொல்லுக்கு அழகு, வடிவம், ஒப்பனை என்பன பொருள்கள். சங்ககால மகளிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதி அழகு செய்துகொண்டனர். தரையை அணி செய்தமைக்கு ஆண்டாளின் நாச்சியார் திருமொழி சான்று தருகிறது. 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர் எனக் கருதப்படும் அவர், தைத் திங்களில் தரையைத் துலக்கி மண்டலம் இட்டதையும், வெண்மையான நுண்மணலால் தெருவை அணி செய்ததையும் காமதேவனிடம் எடுத்துரைக்கிறார். அங்கே புள்ளி பேசப்படவில்லை. ஆயினும் தரையைத் தூய்மை செய்து வெண்பொடியால் எழுதும் கை, ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழகத்தில் பழகிய கை என்பது தெளிவு.

நாம் குடியேறியுள்ள ஊர்களிலும் இத்தகைய மரபுகள் உண்டு. வங்கத்தில் அல்பனா, மராட்டியத்தில் ரங்கோலி, ராஜஸ்தானத்தில் மாண்டணா என அவை வழங்கும். வங்கத்துப் பெண்டிர் அரிசிமாவைக் குழைத்து, விரல் நுனியால் கொடியும் தாமரையும் வரைவதை நாம் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். அவனீந்திரநாத் தாகூர் 1919இல் வெளிவந்த தம் நூலில் அந்நோன்புக் கோலங்களைச் சிறப்பித்து எழுதினார். புள்ளிகளை முறையாக நிறுத்தி, அவற்றைத் தொடாமலே இழையைச் சுற்றி வளைக்கும் சிக்குக் கோலமோ தென்னாட்டில் செழித்த கலை.

தொல்காப்பியர் மெய்யெழுத்தைப் புள்ளி என்று வழங்குவார். கோலத்திலும் புள்ளியை மெய் என்றும், அதைச் சூழ்ந்தோடும் இழையை உயிர் என்றும் கொள்ளலாம் எனத் தோன்றுகிறது. மெய் அசையாது நிற்கும். உயிரே அதனை இயக்கும்.

புள்ளியின் கணக்கு மிக எளிது. "5 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை" என்றால், நடு வரிசையில் 5, அதற்கு மேலும் கீழும் 3, பின்னர் 1 என 13 புள்ளிகள். "5 புள்ளி, இடைப்புள்ளி, 3 வரை" என்றால், இரு புள்ளிகளின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசை அமைந்து, 3, 4, 5, 4, 3 என 19 புள்ளிகள். ஊரிலுள்ள அன்னை, உள்நாட்டுக் கடிதத்தின் ஓரத்தில் இந்த ஒரு வரியை எழுதி, தொலைவிலுள்ள மகளுக்குக் கோலத்தின் சட்டத்தை அனுப்பிவிடலாம். ஆனால் இழை கடிதத்தில் வாராது. அருகில் அமர்ந்து, கை செல்லும் வழியைக் கண்ணால் தொடர்ந்தவர்க்கே அது வரும்.

கற்கத் தொடங்குவோர் ஒரே வரிசையில் 3 புள்ளி வைக்கட்டும். பச்சரிசி மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சீராக ஒழுகவிட்டு, முதற்புள்ளியின் மேலாகவும், இரண்டாவதன் கீழாகவும், மூன்றாவதன் மேலாகவும் இழுத்து, அதனைச் சுற்றி வளைந்து, மாறாக நெளிந்து திரும்ப வேண்டும். தொடங்கிய இடத்தில் இழை தானே வந்து சேரும். அடுத்து 3 புள்ளியாக 2 வரிசை வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எங்கும் இழைகள் குறுக்கிடுமாறும், ஓரங்களில் வளைந்து திரும்புமாறும் இட்டால், 6 புள்ளியும் ஒரே இழையில் அடங்கும். 3 வரிசை வைத்து 9 புள்ளி ஆக்கினால் ஓரிழை போதாது. 3 இழைகள் வேண்டும். 4 வரிசையாக்கினால் மீண்டும் ஓரிழையே போதும். வரிசை எண்ணுக்கும், வரிசையிலுள்ள புள்ளி எண்ணுக்கும் உரிய பொது வகுத்திகளுள் பெரியது எதுவோ, அத்தனை இழைகள் என்பது இதன் கணக்கு. கணிதப் பள்ளி செல்லாத மூதாட்டியரும் எந்த அளவில் இழை ஒன்றாய் முடியும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இந்த நுட்பம் அறிஞர் கண்ணுக்கும் புலப்பட்டது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் கோலத்தைக் கணிப்பொறி அறிவியல் வழியே ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளால் எண்ணற்ற தொடர்களை மொழி ஆக்குவதுபோல, சில விதிகளால் எண்ணற்ற வடிவங்களைக் கோலம் ஆக்குகிறது என்பதை அவ்வாய்வு காட்டியது. இலக்கணம் கண்ட இனத்தின் மகளிர், வாயிலிலும் ஓர் இலக்கணம் கண்டனர் என்பது பெருமைக்குரியதன்றோ!

ஆயினும் பெருமை பேசி அமைய இயலாது. ஊரிலே அன்னை கற்பிக்கத் தவறினாலும் அடுத்த வீடு கற்பிக்கும். மார்கழி வந்தால் தெருவே பள்ளியாகும். மாடிக் குடியிருப்பில், இரண்டடி வாயிலோடு வாழும் நமக்கு அடுத்த வாயில் அதைக் கற்பிக்காது. இங்கு ஒவ்வொரு தமிழ் வீடும் தனிப் பள்ளி. ஒரு தலைமுறை தவறினால், மீட்டெடுக்கக் கல்வெட்டும் இல்லை, ஏடும் இல்லை. கோலநோட்டு உதவும், ஆனால் அதில் இருப்பது முடிந்த வடிவமே, கை சென்ற வழி அன்று. கடையில் வாங்கி ஒட்டும் கோலத் தாளோ, அழகாயினும், யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை.

எனவே விடுமுறை நாளிலேனும் வாயிலை ஈரத்துணியால் துடைத்து, மகளாயினும் மகனாயினும் அருகில் அமர்த்தி, 3 புள்ளி வைப்போம். முதல் இழை கோணலாகத்தான் வரும். மறுநாள் காலை அதனை அழித்துவிட்டு, மறுபடியும் இடச் சொல்வோம்.