நிரப்புவது யாரோ, அனுப்புவது யார்? - மெயில்டூவின் கதை

காசோலையில் தேதி, பெயர், தொகை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் நிரப்பித் தரலாம். கையெழுத்து மட்டும் கணக்கு வைத்திருப்பவருடையதாக இருக்க வேண்டும். மின்னஞ்சலிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் 'மெயில்டூ'. ஓர் இணைப்பைச் சொடுக்கினால் முகவரி, தலைப்பு, கடிதம் மூன்றும் நிரம்பிய மடல் திறக்கும். 'அனுப்பு' பொத்தானை அழுத்துவது மட்டும் பயனர் வேலை. இந்த நிலைக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது!

கட்டளை வரிக் காலம்

1971-ல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் @ குறியைப் பயன்படுத்தி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மடல் அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே 'மெயில்' என்ற கட்டளை இருந்தது. 1978-ல் பெர்க்லியில் கர்ட் ஷோயன்ஸ் இன்னும் வசதியான மெயில் நிரலை எழுதினார். அந்த வழியில் வந்த நிரல்களில் '-எஸ்' என்று சேர்த்துத் தலைப்பைக் கொடுக்கலாம், கடிதத்தை ஒரு கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லலாம். எல்லாம் ஒரே வரி. எண்டர் தட்டினால் மடல் போய்விடும். திரும்பப் படித்துப் பார்க்க இடமே இல்லை. ஆனால் கட்டளையை எழுதியவரே அனுப்புபவர் என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

வலைக்கு வந்த பிறகு

வலையில் இணைப்பை எழுதுபவர் ஒருவர், சொடுக்குபவர் இன்னொருவர். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். 1994 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1738 மெயில்டூவில் முகவரியை மட்டுமே அனுமதித்தது. 1996-ல் வந்த நெட்ஸ்கேப் 2.0 உலாவியிலோ, ஒரு பக்கத்தைத் திறந்தாலே வாசகருக்குத் தெரியாமல் அவர் பெயரில் மடல் போகும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுத முடிந்தது. அவருடைய முகவரி தளக்காரர் கைக்குப் போய்விடும்! அடுத்த பதிப்புகளில்தான் எச்சரிக்கைப் பெட்டி வந்தது.

1998 ஜூலையில் ஹாஃப்மன், மாசின்டர், ஜவின்ஸ்கி மூவரும் எழுதிய ஆர்எஃப்சி 2368 தலைப்பையும் கடிதத்தையும் சேர்க்க வழி செய்தது. முகவரிக்குப் பின் ஒரு கேள்விக்குறி, விவரங்களுக்கு நடுவே & குறி, இடைவெளிக்குப் பதில் %20. அவ்வளவுதான். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'ஸ்டார்ட்' என்று தட்டி இதையே கொடுக்கலாம். அங்கே & குறிக்கு முன்னால் ^ போட வேண்டும். இல்லாவிட்டால் கட்டளை அங்கேயே முடிந்ததாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

அதே ஆவணம் ஒரு நிபந்தனையும் வைத்தது: முழு மடலையும் பயனருக்குக் காட்டாமல், அவர் சம்மதம் இல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது. 2010-ல் வந்த ஆர்எஃப்சி 6068-ம் இதைக் கைவிடவில்லை.

சம்மதம் மட்டும் போதுமா?

2020-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். கேமெயில், எவல்யூஷன் உள்ளிட்ட சில நிரல்களில், பயனரின் கணினியிலுள்ள கோப்பையே மடலோடு இணைக்கும்படி மெயில்டூ இணைப்பை எழுத முடிந்தது. பொத்தானை அழுத்தியவர் பயனர்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கவனித்திருக்க மாட்டார். அந்த இரண்டு நிரல்களும் பின்னர் திருத்தப்பட்டன.

நிரப்பும் வேலையை இயந்திரத்திடம் விடலாம், தப்பில்லை. படித்துப் பார்க்கும் வேலையையும் சேர்த்து விட்டுவிட்டால், அந்த 'அனுப்பு' பொத்தானுக்கு அர்த்தமே இல்லை.